வேட்டைக்காரர் விட்டுச் சென்ற காடு

பகாங், கோலா தஹானில் தெம்பிலிங் ஆற்றின் ஒரு கரையில் கிராமமும் கடைகளும் உள்ளன. மறுகரையில் தாமான் நெகாரா தொடங்குகிறது. அந்தக் காடு இன்றும் நிற்பதற்கு முக்கியக் காரணமானவர், ஒரு காலத்தில் யானை வேட்டைக்குப் பேர்போன ஒரு தோட்டத் துரை. அவர் பெயர் தியோடர் ஹப்பேக்.

1872இல் பிறந்த ஹப்பேக், 1895இல் இங்கிலாந்திலிருந்து மலாயா வந்தார். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக் இவருடைய அண்ணன். தம்பியோ ரப்பர் தோட்டம் நடத்தினார். துப்பாக்கியோடு காடுகளில் அலைந்தார். யானை, காட்டெருது வேட்டை பற்றி 1905இல் புத்தகமே எழுதினார்.

ரப்பருக்காகக் காடு அழிய அழிய, விலங்குகளும் குறைவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். தோட்டத்துக்குள் புகும் யானைகளைச் சுட வேண்டும் என்று மற்றத் துரைமார்கள் கேட்டபோது, அவர்களுக்கு எதிராக நின்றார். விலங்கைச் சுடத் தடை போட்டால் மட்டும் போதாது, அது வாழும் காட்டையும் காக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1925இல் குனோங் தஹானைச் சுற்றி 1,300 சதுர கிலோமீட்டர் காப்பிடமானது. ஹப்பேக்கிற்கு அது போதவில்லை. அரசாங்கம் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய காப்பிடம் அவருக்கு வேண்டாம். நிரந்தரமான காடு வேண்டும். வனவிலங்கு விசாரணை ஆணையராக அவர் தயாரித்த அறிக்கை 1932இல் வெளிவந்தது. மாநில ஆட்சியாளர்களிடமும் விடாமல் பேசினார்.

இறுதியில் பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் இணங்கினர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் 3 மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. 4,343 சதுர கிலோமீட்டர் நிலம், அங்குள்ள மரஞ்செடிகளுக்கும் விலங்குகளுக்கும் என்றென்றைக்கும் ஒதுக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பூங்கா, சுதந்திரத்திற்குப் பின் தாமான் நெகாரா ஆனது.

ஹப்பேக் அதைப் பார்க்க இல்லை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த 1942இல் அவர் இறந்தார்.

பின்னாளில் எல்லைக்கு வெளியே காடுகள் செம்பனைக்கு வழிவிட்டன. மெராந்தி மரங்கள் பாலாக் லோரிகளில் ஏறின. 1970களில் தெம்பிலிங் ஆற்றில் அணை கட்டும் திட்டமும் எழுந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. அந்த 3 சட்டங்கள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. தோட்டம் போடக் காட்டை அழித்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், நாட்டுக்கு விட்டுச் சென்ற சொத்து அது.