கல்லுப்பட்டியில் வாழ்ந்த கணக்குப்பிள்ளை



ஜனவரி பிறந்தால் நம்மில் பாதிப் பேர் கையில் புது டைரி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து அரியர்ஸ் எல்லாம் கிளியர், காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, வெட்டிப் பேச்சைக் குறைப்பது என்று ஒரு பெரிய பட்டியல். பொங்கல் கழிந்து பார்த்தால் அதே டைரியில் மெஸ் பாக்கியும் கிரிக்கெட் ஸ்கோரும்தான் இருக்கும். நம்ம எழுத்து ஏன் நம்மை நகர்த்த மாட்டேங்குது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் ரொம்ப தூரம் போகவில்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறி, டி. கல்லுப்பட்டியில் இறங்கினால் காந்தி நிகேதன் ஆசிரமம். தம் கடைசிக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக நல்ல வருமானத்தோடு இருந்தார். கோட்டு, சூட்டு, பட்டு என்று துரை மாதிரி வாழ்க்கை. கதர் கட்டுவார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அவரை மாற்றியது கணக்குதான். 1927-ல் அமெரிக்கா போய்ப் படித்தவர், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே ஒரு கூட்டத்தில் பேசினார். அது பத்திரிகையில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாக எழுதச் சொன்னார். நாட்டின் வரவு எவ்வளவு, ஆங்கிலேய அரசு அதை எதற்குச் செலவழித்தது என்று பத்தி பத்தியாகப் போட்டுப் பார்த்தார். வெறும் பேச்சாக இருந்தவரைக்கும் அவர் ஆடிட்டராகத்தான் இருந்தார். எண்களை எழுதி முடித்தபோது வேறு ஆளாகிவிட்டார்.

1929-ல் ஊர் திரும்பி, மே 9-ந் தேதி அந்தக் கட்டுரையோடு சபர்மதி போனார். மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சந்திப்புக்கு இன்னும் நேரம் இருந்ததால் குமரப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்து நின்றார். நேரம் ஆனதும் அந்தக் கிழவரே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீர்தான் குமரப்பாவா என்று விசாரித்தாராம். அவர்தான் காந்தி! பட்டு சூட்டோடு தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

காந்தி அவரை குஜராத்தில் கேடா மாவட்டம் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். குஜராத்தி தெரியாது. வித்யாபீட மாணவர்கள் கூட வந்தார்கள். நம்ம வயசுப் பசங்கதான். ஊர் ஊராக நடந்து, வீடு வீடாக நிலம் எத்தனை, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். இருக்க வேண்டியதை அல்ல, இருப்பதை எழுதினார்கள். நம்ம டைரிக்கும் அவர் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். நாம் ஆசையை எழுதுகிறோம், அவர் நடந்ததை எழுதினார். ஆசையை எழுதினால் எழுதிய அன்றைக்கே பாதி சாதித்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. நடந்ததை எழுதினால் ராத்திரி தூக்கம் வராது.

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணக் குழுவின் பணக் கணக்கு குமரப்பா கைக்கு வந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளைக்கு மூன்று அணா என்று படி வைத்திருந்தார். காந்தி பரிவாரத்தோடு பாட்னா வந்தபோது, அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தியும் ஒத்துக்கொண்டார். குருவுக்கே நோ சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? எதிரே திறந்திருந்த பேரேட்டிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வார்தாவில் மகன்வாடி. அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று எல்லாவற்றிலும் சோதனை. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவானதுதான். நடுநடுவே சிறை. ஜபல்பூர் சிறையில் உட்கார்ந்தும் எழுதினார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அங்கே பிறந்தது, 1945-ல் வெளிவந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். நாடு பெரிய ஆலைகள் பக்கம் போனது. அவருக்கு அதில் மனக்கசப்பு. டெல்லியில் பதவி தேடாமல் 1950-களில் நம்ம கல்லுப்பட்டி கரிசல் பக்கம் வந்து சேர்ந்தார். காந்தியைத் தம் எஜமான் என்றும், ஓர் ஏழைக் கிராமத்தானின் படத்தைக் காட்டி இவர் என் எஜமானுக்கு எஜமான் என்றும் வந்தவர்களுக்கு அறிமுகம் செய்வாராம். 1960 ஜனவரி 30-ல் சென்னையில் காலமானார். காந்தி மறைந்த அதே தேதி.

ஆசிரமத்துக்குப் போய் வந்த ராத்திரி என் டைரியில் இருந்த பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் இன்று செய்தது, வலப்பக்கம் அதற்கு ஆன நேரம். அவ்வளவுதான். முதல் நாள் கணக்கு: ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு எழுதியது, 25 நிமிஷம். டீக்கடை, 2 மணி 10 நிமிஷம். இரண்டாம் நாள் டீக்கடைக்கு எதிரே எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டேன். 1 மணி 15 நிமிஷம்.