சர் அலெக்ஸாண்டர் பிளெமிங்

உலகிற்குப் பெருநன்மை புரிந்த பெரியோரின் சரிதங்களைக் கற்குங்கால், அவர்தம் புகழைக் கண்டு வியந்து அமைதல் நம்மிற் பலர்க்கும் வழக்கம். அவர் அளித்த செல்வத்தைக் காக்கும் நெறி யாது என்று அவரே கூறிச் சென்றதை நினைவிற் கொள்வார் சிலரே. பெனிசிலின் என்னும் அருமருந்தைக் கண்டறிந்த சர் அலெக்ஸாண்டர் பிளெமிங்கின் வாழ்க்கை இதற்கு ஏற்ற சான்றாகும். அன்னார் தந்த மருந்தை உலகம் இருகையும் நீட்டி ஏற்றது. அன்னார் விடுத்த எச்சரிக்கையையோ, சிறப்பாகக் கோழிப் பண்ணைகளில், மறந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைக்க யாம் இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டிலே, அயர்ஷயர் பகுதியில், டார்வெல் என்னும் சிற்றூரை அடுத்த லாக்பீல்டு பண்ணையில், 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் பிளெமிங் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். மக்கள் எண்மருள் இவர் ஏழாமவர். ஏழு வயதிலேயே தந்தையை இழந்தார். மேட்டு நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் ஓடியாடித் திரிந்து, நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் சென்ற அந்நாட்களிலேதான் எதனையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் இவர்க்கு வாய்த்தது. நூல்கள் கற்பிக்காத கல்வியைப் பண்ணை கற்பித்தது எனலாம்.

பதின்மூன்றாம் வயதில் லண்டன் மாநகர் சேர்ந்து, சிறிது காலம் கற்றபின், ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக நான்காண்டுகள் உழைத்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு பொருள் கைக்கு வரவே, 1901-ஆம் ஆண்டில் செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1906-இல் தேர்ச்சி பெற்றதும், அங்கே பேராசிரியர் ஆல்ம்ராத் ரைட் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்திற் புகுந்தார். அம்மருத்துவமனையே தம் வாழ்நாளின் பெரும்பகுதிக்கும் அவருக்கு இல்லமாயிற்று.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பிளெமிங் பிரான்சு நாட்டின் பூலோன் நகரில் போர்வீரர்களின் புண்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். ஆழ்ந்த புண்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள் உள்ளே பதுங்கிய கிருமிகளை எட்டாமல், உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே அழித்தலைக் கண்டார். கிருமியைக் கொல்லுவது எதுவும் மருந்தாகிவிடாது. உடலுக்கு ஊறு செய்யாமற் கிருமியை அடக்குவதே மருந்து என்னும் உண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1921-ஆம் ஆண்டில், தமக்குச் சளி பிடித்திருந்த காலத்தில், அச்சளியிற் சிறிது எடுத்துக் கிருமிகளின்மேல் இட்டுப் பார்த்தார். அங்கிருந்த கிருமிகள் கரைந்தன. லைசோசைம் என்று பெயரிடப்பெற்ற அப்பொருள் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ளதென்றும், கோழி முட்டையின் வெண்கருவில் அது மிகுதியாக உண்டென்றும் அவர் கண்டார். ஓட்டுக்குள் வளரும் குஞ்சைக் கிருமிகள் அணுகாவண்ணம் இயற்கை அமைத்த காவல்களுள் அதுவும் ஒன்றன்றோ? கொடிய நோய்க் கிருமிகளை அது பெரிதும் அழிக்கவில்லை; எனினும் பின்வரும் பெருங்கண்டுபிடிப்பிற்கு அஃது அவர் கண்ணைப் பழக்கிற்று.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், விடுமுறை கழித்துத் திரும்பிய பிளெமிங், மேசைமேல் விட்டுச்சென்ற கண்ணாடித் தட்டுகளை நோக்கினார். ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமிகள் வளர்ந்திருந்த தட்டு ஒன்றில் எங்கிருந்தோ வந்து விழுந்த பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதைச் சூழ்ந்த கிருமிகள் கரைந்து மறைந்திருந்தன. கெட்டுப்போன தட்டென்று கழுவியெறிந்திருப்பார் பலர். பிளெமிங் அங்ஙனம் செய்யாது, அப்பூஞ்சணத்தை வளர்த்து ஆராய்ந்து, அதன் சாற்றிற்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, 1929-இல் உலகிற்கு அறிவித்தார். சில வகைக் கிருமிகளை அது சிறிதும் தாக்கவில்லை என்பதையும் மறைக்காது எழுதினார்.

ஆயினும், அச்சாற்றைத் தூய மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. பத்தாண்டுகள் கழிந்தபின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அப்பணியை ஏற்றனர். 1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமிகளைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பெனிசிலின் அளித்தனர். மறுநாட் காலையில் மருந்து பெறாத நான்கும் மாண்டு கிடந்தன; பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. 1941-இல் போலீஸ்காரர் ஒருவர் இம்மருந்தால் தேறிவருங்கால், மருந்து தீர்ந்துபோனமையால் உயிரிழந்தார். துளித் துளியாகத் திரட்டப்பட்ட அம்மருந்து அத்துணை அருமையுடையதாய் இருந்தது. பின்னர் அமெரிக்காவிற் பேரளவில் செய்யப்பெற்றுப் போர்வீரர் எண்ணற்றோரைக் காத்தது. பிளெமிங் 1944-இல் சர் பட்டம் பெற்றார்; 1945-இல் புளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசும் பெற்றார்.

அப்பரிசை ஏற்று அவர் நிகழ்த்திய சொற்பொழிவே நாம் கருத்தூன்றிக் காணவேண்டுவது. உலகமே தம்மைப் போற்றி நின்ற வேளையில், தம் மருந்தின் பெருமையை மட்டும் பேசி அமராமல், அதற்கு நேரக்கூடிய கேட்டையும் அவர் எடுத்துரைத்தார். மருந்தைப் போதிய அளவிற் கொள்ளாது சிறிதளவே கொண்டால், கிருமிகள் மாளாது அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெறும் என்றார். தொண்டை நோயுற்ற ஒருவன் மருந்தைக் குறைவாக உண்டு, கிருமிகளை அங்ஙனம் பழக்கி, அவற்றைத் தன் மனைவிக்குத் தொற்றச் செய்ய, அவள் மருந்து பயனின்றி இறந்துபடுவதாக ஒரு கற்பனைக் கதையும் கூறினார். பிழை செய்தவன் ஒருவன்; உயிர் துறந்தவள் மற்றொருத்தி. இதுவே அக்கதையின் உட்பொருள்.

இதன் காரணம் எளிது. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்லன ஒரு சில இயல்பாகவே தோன்றும். மருந்தின் அளவு குறையின் வலியற்றன மடியும். வலியன எஞ்சித் தம் இனத்தைப் பெருக்கும். அன்றியும், அவ்வெதிர்ப்பாற்றலை ஒருவகைக் கிருமி மற்றொரு வகைக்கு வழங்கவும் வல்லது.

இனி, கோழிப் பண்ணைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில், ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் அறிஞர் இருவர், ஆரியோமைசின் என்னும் மருந்து செய்தபின் எஞ்சிய பொருளைக் குஞ்சுகளின் தீவனத்திற் கலந்தனர். அக்குஞ்சுகள் மற்றவற்றினும் விரைந்து எடை மிகுந்தன. 1951-இல் அந்நாட்டரசு இம்முறைக்கு இசைவளித்தது. பிளெமிங் வாழ்ந்த பிரிட்டனிலும் 1953-இல், கோழிக்கும் பன்றிக்கும் உரிய தீவனத்திற் பெனிசிலினே கலக்கச் சட்டம் இடங்கொடுத்தது. போலீஸ்காரர் ஒருவரைக் காக்கப் போதாமற்போன அம்மருந்து, பன்னிரண்டே ஆண்டுகளில் தீவனத் தொட்டியை அடைந்த விந்தைதான் என்னே!

பண்ணையாளரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. பல்லாயிரம் கோழிகள் ஒரே கொட்டகையில் நெருங்கி வாழுங்கால் நோய் விரைந்து பரவும். தீவனச் செலவு குறைந்தால் இறைச்சியும் முட்டையும் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும். நோயுற்ற கோழிக்கு மருத்துவர் தரும் மருந்தையும் யாம் குறைகூறவில்லை. நோயில்லாத கோழிக்குச் சிறுகச் சிறுக நாள்தோறும் ஊட்டுவதே குற்றம். பிளெமிங் எதனை அஞ்சினாரோ அதுவே இஃது. ஒருவன் தொண்டையில் நிகழுமென்று அவர் கூறியது, இங்கே பல்லாயிரம் குடல்களில் ஒருசேர நிகழ்கின்றது.

அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் உண்ட குஞ்சுகளின் குடலில், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் விரைவிலேயே பெருகின. சில மாதங்களில் அப்பண்ணையில் வாழ்ந்த மருந்துண்ணாத மக்களின் உடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. பச்சை இறைச்சியைத் தொட்ட கைகள், எரு, ஆழ்கூளம், கழிவுநீர் ஆகிய பல வழிகளில் இக்கிருமிகள் வெளிப்படும். நன்கு வேகவைத்தால் அவை மடியும் என்பது உண்மையே. ஆயினும் அடுப்பை அடையுமுன் அவை கடந்துவரும் வழி நீண்டதன்றோ?

பிரிட்டனில் 1969-இல் ஸ்வான் குழுவினர் மனிதர்க்குரிய மருந்துகளைத் தீவனத்தினின்றும் நீக்குமாறு பரிந்துரைத்தனர். ஸ்வீடன் நாடு 1986-இல் வளர்ச்சிக்காக மருந்தூட்டலை விலக்கியது; ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2006-இல் விலக்கியது. வேறு மருந்து பயன்படாத நோயாளர்க்குக் கடைசிப் புகலிடமாகிய கோலிஸ்டினை உணவுக்குரிய கால்நடைக்கும் கோழிக்கும் கொடுத்தலை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. தூய்மை, தடுப்பூசி, போதிய இடம், நல்ல காற்று ஆகியவற்றால் மருந்தின் தேவையைக் குறைக்கலாம் என்பதை அந்நாடுகளின் அனுபவம் காட்டியுள்ளது.

பிளெமிங் 1955-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் லண்டனில் காலமானார். செயின்ட் பால் பேராலயத்தில் அவர்தம் அஸ்தி அடக்கம் செய்யப்பெற்றது. பேச்சிற் சிக்கனமும் தம் புகழைப் பற்றிய அடக்கமும் உடையவர். பெனிசிலினை ஆக்கியது இயற்கையே, தாம் அதைக் கண்டவரே என்று கருதியவர்.

மாணவ நண்பர்காள்! நாமக்கல் வட்டாரத்து முட்டையை உண்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். நாளைய பண்ணையாளரும், கால்நடை மருத்துவரும், மருந்து விற்போரும், சட்டம் செய்வோரும் நம்மிலிருந்தே தோன்றுவர். தலைவலிக்கும் சளிக்கும் நாமாகவே கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கி, இரண்டு நாள் உண்டு, மீதியை எறிந்துவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பண்ணையாளரின் பிழையும் நம் பிழையும் ஒன்றே. பிளெமிங்கின் படத்திற்கு மாலையிடுதல் எளிது. அவர் சொற்படி மருந்தை அளவறிந்து, வேண்டியவிடத்து மட்டும் வழங்குதலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன். அக்கடனை நாம் செலுத்தத் தவறின், அதனைச் செலுத்த நேர்வோர் நாம் அறியாத நோயாளரே ஆவர்.