காப்பகத்துக்குள் 10 நாள்கள்… 23 வயசு ரிப்போர்ட்டர் நெல்லி பிளை பார்த்தது என்ன?

உங்களை ஓர் இடத்தில் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்கு அனுப்புங்க என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்பதே நோயின் அறிகுறி என்கிறார்கள். சத்தம் போட்டால் நோய் முற்றிவிட்டது. அழுதால் மருந்து. எதுவும் பேசாமல் உட்கார்ந்தால் இன்னும் மோசம். இப்போது எப்படி வெளியே வருவீர்கள்?

1887-ல், தன் 23-வது வயதில், இப்படியோர் இடத்துக்குள் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டவர் நெல்லி பிளை. 80 நாளுக்குள் உலகத்தைச் சுற்றி வந்த பெண் என்று அவரைப் பற்றி ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயணம் அப்புறம். அதற்கு 2 வருஷம் முன்னால் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

நிஜப் பெயர் எலிசபெத் காக்ரன். 1864 மே 5-ம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அப்பா மைக்கேல், ஊரில் மில் வைத்திருந்த பெரிய மனுஷர். எலிசபெத்துக்கு 6 வயதாகும்போது உயில் எதுவும் எழுதாமலேயே இறந்துபோனார். வீடு விற்பனைக்குப் போனது. அம்மா மறுமணம் செய்துகொண்டார், அந்த ஆள் குடித்துவிட்டு அடிப்பவர். விவாகரத்து வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது, அம்மாவுக்காகச் சாட்சி சொன்னவர்களில் எலிசபெத்தும் ஒருவர். அப்போது அவருக்கு 14 வயசு. சட்டம் கைகொடுக்காவிட்டால் ஒரு பெண்ணுக்கு என்ன கதி என்பதை அவர் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டீச்சர் டிரெய்னிங் படிக்கப் போனார். ஒரே ஒரு பருவம்தான், கையில் காசு தீர்ந்ததால் படிப்பும் நின்றது.

1885-ல் பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. பெண்ணுக்கு வீடுதான் சரி, வேலைக்குப் போவதெல்லாம் தப்பு என்கிற ரகம். கடுப்பான எலிசபெத், சொந்தப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினார். எடிட்டருக்கு அந்தக் கோபம் பிடித்துப்போய், எழுதியது யார் என்று கேட்டுப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தார். நேரில் போய் நின்ற எலிசபெத்துக்கு வேலையும் கிடைத்தது, அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு பாட்டிலிருந்து எடுத்த புனைபெயரும் கிடைத்தது. தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதினார், முதலாளிகள் புகார் செய்தார்கள். உடனே ஃபேஷன், தோட்டம் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். (லைஃப்ஸ்டைல் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு இங்கே லேசாகச் சிரிப்பு வருகிறது.) கொஞ்ச காலம் மெக்சிகோ போய் எழுதினார். 1887-ல் நியூயார்க்.

அங்கே மாதக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை, இருந்த பணமும் தொலைந்தது. கடைசியில் ஜோசப் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்டு அலுவலகத்துக்குள் பேசிப் பேசியே நுழைந்துவிட்டார். அவருக்குக் கொடுத்த வேலை இதுதான்: பிளாக்வெல்ஸ் தீவில் இருக்கும் பெண்களுக்கான மனநலக் காப்பகத்துக்குள் நோயாளியாகப் போக வேண்டும், நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும். உள்ளே போவது அவர் சாமர்த்தியம். வெளியே எடுப்பது எப்படி என்று பத்திரிகையிடமும் தெளிவான திட்டம் கிடையாது.

உள்ளே போவது ரொம்ப ஈஸி

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வெறித்துப் பார்க்கப் பழகினார். நெல்லி பிரவுன் என்ற பெயரில் ஏழைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் ரூம் எடுத்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சுற்றி இருப்பவர்களைப் பார்த்துப் பயப்படுவதாக நடித்தார். மறுநாளே போலீஸ், பிறகு கோர்ட், அங்கிருந்து பெல்வியூ மருத்துவமனை. டாக்டர் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். பரிசோதனை செய்த ஒரு டாக்டரின் கவனம் பக்கத்தில் நின்ற நர்ஸ் மேல்தான் அதிகம் இருந்தது என்று பின்னாளில் நெல்லி கிண்டலாக எழுதினார். மற்ற பத்திரிகைகளோ, யார் இந்த மர்மப் பெண் என்று செய்தி போட்டுக்கொண்டிருந்தன.

படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கால் வைத்ததும் நெல்லி நடிப்பை நிறுத்திவிட்டார். இதைக் கவனியுங்கள். அதற்கப்புறம் வீட்டில் எப்படிப் பேசுவாரோ, நடப்பாரோ, அப்படியேதான் இருந்தார். யாருமே வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. தன் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் திருப்பிக் கேட்டார். பென்சிலே கொண்டுவரவில்லை என்று நர்ஸ் சாதித்தார். கொண்டுவந்தேன் என்று நெல்லி விடாமல் சொல்ல, இந்த மாதிரிக் கற்பனைகளுக்கு இடம் கொடுக்காதே என்று டாக்டரின் அட்வைஸ் வந்தது. ஒரு ரிப்போர்ட்டருக்கு!

முதல் ராத்திரி குளியல். எல்லோர் முன்னாலும் உடையைக் கழற்றச் சொன்னார்கள். பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்து, இன்னொரு நோயாளியை விட்டே தேய்க்கவைத்து, தலையில் மூன்று வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். மூச்சு முட்டி, தண்ணீரில் மூழ்கிச் சாவது இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்திருக்கிறார் நெல்லி. அதே தண்ணீரில் அடுத்த பெண், அதற்கடுத்த பெண். துடைக்கவும் பொதுத் துண்டுதான், உடம்பில் புண் இருப்பவர்களுக்கும் அதேதான். காப்பகத்தின் பெயர் முத்திரை குத்திய ஒரு சின்ன கவுனை ஈர உடம்பின் மேல் மாட்டி, ஈரத் தலையோடு படுக்கவைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பூட்டு நெல்லியைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிப் பூட்டு, ஜன்னலில் கம்பி. தீப்பிடித்தால் நர்ஸ்கள் ஓடிவந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருப்பார்களா? வராண்டாவின் ஒரு முனையில் கைப்பிடியைத் திருகினால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும் வசதி வேறு இடத்தில் இருக்கிறதே, இங்கேயும் வைக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டார். அந்த மாதிரிப் பூட்டு சிங் சிங் சிறையில்தான் இருக்கிறது, நீ அங்கே இருந்துவிட்டு வந்தவளா என்று டாக்டர் சந்தேகப்பட்டார்.

பகலில் காலை 6 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை மரபெஞ்சில் நேராக உட்கார வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது, படிக்க ஒன்றும் கிடையாது. அடி, முடியைப் பிடித்து இழுப்பது, கழுத்தை நெரிப்பது பற்றியெல்லாம் நெல்லி எழுதினார். ஆனாலும் இந்த பெஞ்ச்தான் எனக்கு ரொம்ப பயங்கரமாகத் தெரிகிறது. நல்ல ஆரோக்கியமான ஒரு பெண்ணை இப்படி 2 மாதம் உட்காரவைத்தால் உடம்பும் மனசும் சிதைந்துபோகும் என்பது நெல்லியின் கணக்கு. நோயைக் குணமாக்க வைத்த இடமே நோயை உண்டாக்கியது, அதுவும் ரொம்பச் சாதாரணமாக, ஒரு டைம்டேபிள் போட்டு. வெளியே நடக்கக் கூட்டிப்போகும்போது இன்னொரு காட்சி பார்த்தார். 52 பெண்களின் இடுப்பில் தோல் பட்டை, எல்லோரையும் சேர்த்து ஒரே நீளக் கயிறு, கடைசியில் ஒரு கனமான இரும்பு வண்டி.

சாப்பாடு கெட்டுப்போன இறைச்சி, உப்பே இல்லாத குழம்பு, சிலந்தி கிடந்த ரொட்டி. நர்ஸ்களுக்கு மட்டும் பழங்களோடு தனிச் சாப்பாடு.

கூட இருந்த பெண்களில் சிலருக்கு எந்த மனநோயும் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஒருவருக்கு ஜெர்மன் மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆளைக்கூட ஏற்பாடு செய்யாமல் அடைத்துவிட்டார்கள். இன்னொருவர் உடம்பு சரியில்லாமல் வந்து, இது எந்த இடம் என்றே தெரியாமல் மாட்டிக்கொண்டவர். நிஜமாகவே நோய் இருந்தவர்களின் நிலைமை இன்னும் கொடுமை. அவர்களைச் சீண்டிக் கோபப்படுத்தி, கோபப்பட்டதற்காகவே அடித்தார்கள். புகார் சொன்னால் அது நோயாளியின் கற்பனை.

10 நாள் கழித்து, பத்திரிகை அனுப்பிய வக்கீல் வந்து நெல்லியைக் கூட்டிப்போனார். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, தான் மட்டும் வெளியே வருவது சுயநலமாகப் பட்டது என்று எழுதியிருக்கிறார். அக்டோபர் 9-ம் தேதி முதல் கட்டுரை, 16-ம் தேதி அடுத்தது. நியூயார்க்கே அதைப் பற்றித்தான் பேசியது. அதே வருஷம் புத்தகமாகவும் வந்தது.

உப்பு வந்துவிட்டது

கிராண்ட் ஜூரி என்ற விசாரணைக் குழு நெல்லியைக் கூப்பிட்டுச் சாட்சியம் வாங்கி, அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குப் போனது. தகவல் முன்கூட்டியே கசிந்திருக்க வேண்டும். சமையலறை பளபளவென்று இருந்தது. உப்பையே பார்க்காத அந்த இடத்தில், வாசலிலேயே இரண்டு பீப்பாய் உப்பு! ரொட்டி வெள்ளையாக இருந்தது. நெல்லி எழுதிய பெண்களில் பலரை அங்கே காணோம். சிலரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், சிலரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு பெண், நடந்ததை ஒன்றுவிடாமல் ஜூரியிடம் சொன்னார்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உச்சம் காப்பகத்தின் டாக்டர் கொடுத்த பதில்தான். குளிக்கும் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள அவரிடம் வழி இல்லையாம். நர்ஸ்கள் கொடுமை செய்தால் கண்டுபிடிக்கவும் வழி இல்லையாம். அதாவது, நோயாளிகளைக் கேட்பது ஒரு வழி என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஜூரி நெல்லியை நம்பியது. அவர் கேட்ட மாற்றங்களைப் பரிந்துரைத்தது. மனநல நோயாளிகளுக்காக, அதுவரை இருந்ததைவிட 10 லட்சம் டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது என்று நெல்லி தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம்தான் அந்த உலகப் பயணம். 1889 நவம்பர் 14-ல் கிளம்பி, நடுவில் கப்பலுக்காகக் கொழும்பில் சில நாள் காத்துக்கிடந்து, 72 நாளில் திரும்பினார். 1895-ல் தன்னைவிட 40 வயசு மூத்த தொழிலதிபர் ராபர்ட் சீமனைக் கல்யாணம் செய்துகொண்டார், கணவர் இறந்ததும் கம்பெனியை நடத்தினார், ஊழியர்களின் மோசடியால் அது திவாலானது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியாவிலிருந்து செய்தி அனுப்பினார். கடைசி வருஷங்களில் மறுபடியும் நியூயார்க் பத்திரிகையில் எழுதிக்கொண்டே, ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு தேடிக் கொடுத்தார். 1922 ஜனவரி 27-ல், நிமோனியாவால் இறந்தபோது வயது 57. அவர் கல்லறைக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. 1978-ல்தான் நியூயார்க் பிரஸ் கிளப் ஒரு கல் வைத்தது.

அந்தக் காப்பகம் 1894-ல் மூடப்பட்டு, நோயாளிகள் வேறொரு தீவுக்கு மாற்றப்பட்டார்கள். பிளாக்வெல்ஸ் தீவின் இன்றைய பெயர் ரூஸ்வெல்ட் தீவு. காப்பகத்தின் எண்கோணக் கோபுரம் இப்போது ஓர் அபார்ட்மென்ட்டின் நுழைவுக்கூடம், மக்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்கள். தீவின் வடக்கு முனையில் 2021-ல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். ஆள் உயரத்தைவிடப் பெரிய ஐந்து பெண் முகங்கள். அதில் ஒன்றுதான் நெல்லியுடையது.