ஆளவந்தார் வைபவம் – பாட்டனார் வைத்த நிதி

பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது திருமுன்பே திவ்யப்பிரபந்த கோஷ்டியும், பின்னே வேதபாராயண கோஷ்டியும் செல்வது வைஷ்ணவ ஆலயங்களின் முறை. திருநாள் ஸேவிக்கத் தாராபுரத்துக்கு வரும் அடியார்கள் அனைவரும் இத்தமிழ் மறையைச் செவிகுளிரக் கேட்பவர்களே. ஆயினும் இந்நாலாயிரமும் ஒரு காலத்தில் வழக்கிழந்து மறைந்திருந்தது என்பதையும், சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தார் அதனை மீட்டளித்தனர் என்பதையும், மீட்ட அக்குடும்பத்திலேயே அது கைநழுவிப் போக இருந்தது என்பதையும் பலர் அறியார். அக்குடும்பம் சொட்டைக் குலம். அதில் தோன்றிய ஸ்ரீ ஆளவந்தாரின் சரித்திரமே இங்குச் சொல்லப்படுவது.

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியின் அருகே உள்ளது காட்டுமன்னார்கோயில். வீரநாராயணபுரம் என்பது அதன் பழம்பெயர். கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்ற விருதுப்பெயர் உண்டு. ஊரும் ஏரியும் அப்பெயரையே பூண்டன. வீரநாராயணன் ஏரி என்பதே மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. இவ்வூரில் மன்னனார் ஸந்நிதியில் கைங்கரியம் செய்து வாழ்ந்தவர் ஈசுவரபட்டர். அவருடைய திருக்குமாரர் ஆனி அனுஷத்தில் அவதரித்த நாதமுனிகள். நாதமுனிகளின் குமாரர் ஈசுவரமுனிகள்.

மூன்று தலைமுறையினரும் ஒருமுறை குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை புறப்பட்டு, மதுரை, பிருந்தாவனம், கோவர்த்தனம் முதலிய இடங்களை ஸேவித்து, யமுனைக் கரையிலேயே தங்கிவிட்டனர். கண்ணன் விளையாடிய துறையை விட்டுவர எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் மன்னனார் கனவில் தோன்றித் திரும்பி வருமாறு நியமிக்க, காசி, புரி, சிங்காசலம், அகோபிலம், திருமலை வழியாக ஊர் வந்து சேர்ந்தனர். யமுனையின் நினைவு மட்டும் அவர்களை விட்டு அகலவில்லை. பின்னால் பிறந்த பேரனுக்குப் பெயராக அமைந்தது அந்நினைவே.

ஒருநாள் மன்னனார் ஸந்நிதிக்கு வந்த யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமாள் மீதான ஒரு பதிகத்தை அநுஸந்தித்தனர். ஆயிரத்துள் இப்பத்து என்று பதிகத்தின் முடிவில் இருக்கக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்களுக்கு அப்பத்தன்றி வேறு தெரியவில்லை. குடந்தை சென்று கேட்டார், அங்கும் இல்லை. நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கே சென்றார். அங்கே மதுரகவியாழ்வார் வழிவந்த பராங்குசதாஸரை அடைந்து, கண்ணிநுண்சிறுத்தாம்பைக் கற்று, அதனைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். ஆழ்வார் யோகதசையில் ஸாக்ஷாத்கரித்து ஆயிரத்தை மட்டுமன்றி நாலாயிரத்தையும், அவற்றின் பொருளையும், யோகரஹஸ்யத்தையும் அவருக்கு அருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. ஊர் திரும்பிய நாதமுனிகள் தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவரையும் துணைக்கொண்டு அத்தமிழைப் பண்ணிலும் தாளத்திலும் அமைத்துப் பரப்பினார். அரையர் ஸேவை பிறந்தது அவ்வாறே.

இத்தனை பெரிய நிதியைத் தேடியவர் அதைத் தம் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தம் குலத்தில் பிறக்கப்போகும் பேரனுக்கு யமுனைத்துறைவன் எனப் பெயரிடுமாறு ஈசுவரமுனிகளிடம் நியமித்தார். அப்பேரனிடம் சேர்க்குமாறு பிரபந்தத்தையும் அதன் பொருளையும் உய்யக்கொண்டாரிடமும், யோகரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பனிடமும் ஒப்படைத்தார். உய்யக்கொண்டார் திருவெள்ளறையில் அவதரித்த புண்டரீகாக்ஷர். யோகம் வேண்டுமா என்று ஆசாரியர் கேட்டபோது, உலகத்தார் உய்யும் வழியறியாது தவிக்கையில் தமக்கு மட்டும் யோகஸுகம் எதற்கு என்று மறுத்து, பிரபந்தத்தைப் பரப்பும் பணியையே ஏற்றவர். ஈசுவரமுனிகளைப் பற்றிச் சரித்திரம் அதிகம் பேசவில்லை. தகப்பனாரிடமிருந்து மகனுக்கு வரவேண்டியது சிஷ்யர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

யமுனைத்துறைவர் திருவவதாரம் தாது வருஷம் ஆடி மாதம் உத்திராடத்தில். வருஷங்கள் அறுபதாண்டு வட்டத்தில் திரும்பி வருபவையாதலால் இத்தாதுவைச் சிலர் கி.பி. 916 என்றும், சிலர் 976 என்றும் கொள்வர். பின்னவரான ராமாநுஜரின் அவதாரம் 1017 என்பதை நோக்கினால் இரண்டாவது கணக்கு பொருத்தமாகவே படுகிறது.

பாலகர் மகாபாஷ்யபட்டரிடம் சாஸ்திரம் பயின்றார். அக்காலத்தில் அரசவைப் புலவரான ஆக்கியாழ்வான் என்பவர் மற்றப் பண்டிதர்கள் யாவரும் தமக்குக் கப்பம் செலுத்தவேண்டுமென்று ஓலை போக்குவது வழக்கம். பட்டருக்கும் ஓலை வந்தது. அவர் கலங்கியிருக்கக் கண்ட சிறுவர் வாதத்துக்குத் தாமே வருவதாக விடையனுப்பினார். அரசன் பல்லக்கு அனுப்பி வரவழைத்தான். சிறுவரின் முகத்தேஜஸைக் கண்ட அரசி, வெல்பவர் இவரே என்று அரசனிடம் பந்தயம் கூறினாள். அரசனோ, சிறுவர் வென்றால் பாதி ராஜ்யம் தருவதாக வாக்களித்தான்.

யமுனைத்துறைவர் மூன்று வாக்கியங்களைச் சொல்லி அவற்றை மறுக்குமாறு ஆக்கியாழ்வானிடம் கேட்டார். ஆக்கியாழ்வானின் தாய் மலடி அல்லள், அரசன் தர்மம் தவறாத சக்ரவர்த்தி, அரசி பதிவிரதை. முதலாவதை மறுத்தால் தாம் பிறந்ததே பொய்யாகும். மற்ற இரண்டை மறுத்தால் தலை தப்பாது. புலவர் வாயடைத்து நின்றார். பிறகு சிறுவர் தாமே சாஸ்திர முகத்தால் அம்மூன்றையும் மறுத்துக் காட்டினார். ஒற்றை மரம் தோப்பாகாததுபோல் ஒரே பிள்ளையைப் பெற்றவளைப் பிள்ளை பெற்றவளாகச் சாஸ்திரம் எண்ணுவதில்லை. குடிகளின் பாபம் அரசனைச் சாரும். விவாஹ மந்திரங்களின்படி மணப்பெண் முதலில் ஸோமனுக்கும் கந்தர்வனுக்கும் அக்னிக்கும் உரியவளாகிறாள். கோபங்கொள்ள இடமின்றிச் சபை முழுதும் வியந்தது. தன்னை ஆள வந்தவர் என்று அரசி கொண்டாட, அன்று முதல் ஆளவந்தார் என்பதே அவர் திருநாமமாயிற்று. பாதி ராஜ்யமும் கிடைத்தது.

வெற்றி பெரிது, ஆனால் ஆபத்து அதன் பின்னாலேயே வந்தது. ராஜ்ய காரியங்களில் ஆழ்ந்த ஆளவந்தாருக்குத் தம் பாட்டனாரைப் பற்றியோ, தமக்கென வைக்கப்பட்ட பொருளைப் பற்றியோ நினைவே இல்லாமற் போயிற்று. தோல்வியால் தொலைந்த செல்வங்கள் உலகில் உண்டு. இதுவோ வெற்றியால் தொலைய இருந்தது.

உய்யக்கொண்டார் பரமபதிக்கும் காலத்தில் தம் பொறுப்பை மணக்கால்நம்பியிடம் வைத்துச் சென்றிருந்தார். லால்குடியை அடுத்த மணக்காலில் அவதரித்த ராமமிச்ரர் இவர். பன்னிரண்டாண்டு ஆசாரியருடன் வாழ்ந்து அவர் திருமாளிகைக் காரியங்கள் அனைத்தையும் செய்தவர். ஆசாரியரின் பெண்குழந்தைகள் சேற்றைக் கடக்கத் தயங்கியபோது தம் முதுகைப் பாலமாக்கிப் படுத்தவர். இத்தகையவர் ராஜவாசலில் போய் நின்றபோது உள்ளே விடுவார் இல்லை. அவர் சினக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. மடைப்பள்ளிப் பரிசாரகரை நட்புக்கொண்டு, அரசருக்குப் பிரியமென்று தெரிந்த தூதுவளைக் கீரையை நாள்தோறும் பறித்துக் கொடுத்து வந்தார். வேலியோரம் படரும் முட்கொடி அது. கை கிழியாமல் பறிப்பது கடினம். இவ்வாறு ஆறு மாதம் நடந்தது. பிறகு ஒருநாள் கீரையை நிறுத்திவிட்டார்.

சில நாள் இலையில் கீரை காணாத ஆளவந்தார் காரணம் கேட்டார். யாரோ ஒரு முதிய வைஷ்ணவர் கொண்டுவந்து தந்ததாகவும், இப்போது வருவதில்லை என்றும் பரிசாரகர் விண்ணப்பித்தனர். மறுமுறை வந்தவரை அழைத்து, ஆசனமிட்டு, பொன் வேண்டுமா பூமி வேண்டுமா என்று வினவினார் ஆளவந்தார். நம்பியோ, தாம் பெறுவதற்கன்றிக் கொடுப்பதற்கே வந்திருப்பதாகவும், அவருடைய பாட்டனார் வைத்துப்போன நிதி ஒன்று தம் வசம் இருப்பதாகவும், அதைச் சேர்ப்பிக்கும் வரை தடையின்றி வந்துபோக அநுமதி வேண்டுமென்றும் கூறினார். ராஜ்யத்துக்குப் பொருள் தேவைப்பட்டிருந்த காலம் போலும். ஆளவந்தார் மகிழ்ந்து இசைந்தார்.

நாள்தோறும் நம்பி பகவத்கீதையை அத்தியாயம் அத்தியாயமாக உபதேசித்தார். கேட்கக் கேட்க அரசருக்கு அரசில் பற்று நீங்கியது. முடிவில் நிதியைக் காட்டுமாறு கேட்க, நம்பி அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஏழு மதில்களுக்குள் பள்ளிகொண்ட பெரியபெருமாளைக் காட்டி, பாட்டனார் வைத்த நிதி இதுவே என்றார். ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை. துறவறம் ஏற்றுத் திருவரங்கத்திலேயே தங்கினார்.

நிதியில் மற்றொரு பகுதி குருகைக்காவலப்பனிடம் இருந்ததல்லவா? ஆளவந்தார் அதைத் தேடிச் சென்றபோது காவலப்பன் யோகத்தில் அமர்ந்திருந்தார். கலைக்க மனமின்றி இவர் சுவரின் பின்னே நின்றார். சிறிது நேரத்தில் காவலப்பன் திரும்பி, சொட்டைக் குலத்தார் யாரேனும் வந்திருப்பதுண்டோ என்று கேட்டார். பிராட்டி அழைத்தாலும் முகம் திருப்பாமல் தம்மோடு கலந்திருக்கும் எம்பெருமான், இன்று தம் தோளை அழுத்தி மேலே எட்டிப்பார்த்ததால் அறிந்தாராம். நாதமுனிகளின் குலம் என்றால் எம்பெருமானுக்கே அத்தனை அபிமானம்! தாம் உடலை விடப்போகும் நாளை ஓலையில் குறித்துக் கொடுத்து, அதற்கு முன் வந்தால் யோகரஹஸ்யத்தை உபதேசிப்பதாகக் கூறினார்.

பிறகு ஒரு திருவத்யயன உத்ஸவத்தில் அரையர் அனந்தபுரத்துப் பதிகத்தை ஆளவந்தாரின் திருமுகம் நோக்கிப் பாட, அதனையே அரங்கன் நியமனமாகக் கொண்டு அவர் திருவனந்தபுரம் சென்றார். அங்கே ஒருநாள் நினைவு வந்து ஓலையைப் பிரித்துப் பார்த்தால், குறித்த நாள் அன்றே! பறந்து செல்ல விமானம் இல்லையே என்று வருந்தினார். யோகரஹஸ்யம் காவலப்பனோடு மறைந்தது. குலத்தின் நிதி முழுமையும் கைக்கு வந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு பங்கு வந்தது, ஒரு பங்கு போயிற்று.

வந்ததை அவர் பெருக்கினார். ஸ்தோத்ரரத்னம், சதுச்லோகீ, முப்பத்திரண்டு சுலோகங்களில் கீதையின் பொருளைத் திரட்டிய கீதார்த்தஸங்க்ரஹம், ஸித்தித்ரயம், ஆகமப்ராமாண்யம் முதலியவை அவர் அருளியவை. இவற்றுள் ஆகமப்ராமாண்யம் அர்ச்சக மரபினர் மறக்கலாகாத நூல். பாஞ்சராத்ரம் வேதத்துக்கு ஒவ்வாதது என்று வாதிட்டவர்களுக்கு மறுமொழி கூறி, ஆலய ஆராதனத்துக்கு அரணாக நிற்பது அது.

தமக்குப் பின் யார் என்ற கவலை அவருக்கு இருந்தது. திருவரங்கப்பெருமாளரையர் உள்ளிட்ட திருக்குமாரர்கள் அவருக்கு உண்டு. ஆயினும் ஸம்ப்ரதாயப் பொறுப்பை மகன் என்பதற்காக மகனிடம் வைக்க அவர் எண்ணவில்லை. தமக்கே அது இரத்த வழியாக வரவில்லையே! காஞ்சியில் யாதவப்ரகாசரின் மாணவர்களிடையே இளைய ராமாநுஜரைக் கண்டார். அருகில் அழைத்துப் பேசவில்லை. வரதராஜனிடம் பிரார்த்தித்து மீண்டார். பின்னர் நோயுற்று, ராமாநுஜரை அழைத்துவரப் பெரியநம்பியை அனுப்பினார். அவர்கள் கொள்ளிடக் கரையை அடைந்தபோது ஆளவந்தாரின் சரமத் திருமேனியே எதிர்ப்பட்டது. மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. பிரம்மஸூத்திரத்துக்கு உரை செய்வது, வியாஸ பராசரர்களின் திருநாமம் நிலைக்கச் செய்வது, நம்மாழ்வார் திருநாமமும் திருவாய்மொழியும் விளங்கச் செய்வது என்னும் அவரது மூன்று மனோரதங்களைக் கேட்டறிந்து ராமாநுஜர் உறுதி கூற, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஸ்ரீபாஷ்யமும், கூரத்தாழ்வான் குமாரருக்கு இட்ட பராசரபட்டர் என்னும் பெயரும், திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியும் அவ்வுறுதியின் பலன்.

ராமாநுஜரைத் திருவரங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆளவந்தாரின் திருக்குமாரரே. அரையர் காஞ்சி சென்று வரதன் திருமுன்பே இசையோடு பாட, உகந்த பெருமாள் வேண்டியதைக் கேள் என்றருள, ராமாநுஜரையே வரமாகக் கேட்டுப் பெற்றார். தந்தையின் பீடத்தை வேறொருவருக்குப் பெற்றுத் தர ஒரு மகன் பாடிய பாட்டு அது! ராமாநுஜரும் பிற்காலத்தில் அவ்வரையருக்கே ஆறு மாதம் பாலமுது காய்ச்சியும் மஞ்சள்காப்பு அரைத்தும் கைங்கரியம் செய்து ரஹஸ்யார்த்தம் கேட்டார். திருவரங்கத்து அரையர் திருமாளிகையினர் இன்றும் தம் மரபை நாதமுனிகளிடம் கொண்டு சேர்க்கின்றனர்.

இந்நிதி கொங்குநாட்டுக்கு வந்ததும் ராமாநுஜர் காலத்திலேயே. பஞ்ச காலத்தில் திருவரங்கம் சென்று தங்கிய கொங்குப் பெண்மணி ஒருத்தி, பிக்ஷைக்கு எழுந்தருளிய அவரிடம் மந்திரோபதேசம் பெற்று, ஊர் திரும்புகையில் அவர் பாதுகைகளையும் பெற்றுவந்து ஆராதித்தாள். கொங்கில் பிராட்டி என்று பூர்வர்கள் அவளைப் போற்றுவர். சோழனுக்கு அஞ்சி வெள்ளை உடுத்து மேற்கே புறப்பட்ட ராமாநுஜர் கொங்குக் காட்டு வழியில் அவள் வீட்டை வந்தடைந்தபோது, காஷாயமும் த்ரிதண்டமும் இல்லாதபடியால் உடன் வந்தோரிடையே அவர் யாரென்று தெரியவில்லை. அவள் ஒவ்வொருவர் திருவடியாக உற்று நோக்கி வந்து, தான் நாள்தோறும் பூஜித்த பாதுகைக்குப் பொருந்திய திருவடிகளின் முன்னே வீழ்ந்து வணங்கினாள்.