வைத்திய கலாநிதி ஐடா ஸ்கடர் அம்மையார் (1870–1960)

பெரிய வருத்தம் என்றால் வேலூருக்குக் கொண்டு போங்கள் என்ற பேச்சைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அந்த வேலூர் வைத்தியசாலையைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர். இந்தியாவில் மிஷனரியாக வாழவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருடைய பாட்டனார் வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஊழியம் தொடங்கியது நமது நாட்டிலேதான், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். தந்தையாரும் வைத்திய மிஷனரி. ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9இல் பிறந்த ஐடா, சிறு பிள்ளையாக 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டார். பசியில் கிடந்த பிள்ளைகளுக்குப் பாண் பிய்த்துக் கொடுத்த கை அது. கண்டது மனதில் பயமாகத் தங்கிவிட்டது. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்வது என்பதே அவருடைய திட்டம்.

தாயாரின் சுகவீனத்தால் 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு, பிரசவ வேதனையில் கிடந்த இளம் மனைவியைக் காப்பாற்றும்படி ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். பின்னர் ஒரு முஸ்லிம். அவருக்குப் பின் இன்னுமொரு இந்து. ஐடா வைத்தியம் படித்தவரல்ல. தந்தையாரை அழைத்துப் போகும்படி சொன்னார். அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. இரவு முழுவதும் ஜெபத்தோடு விழித்திருந்தவருக்கு, மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி விடிந்ததும் வந்தது.

அறுகம்பே, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று நீளும் நமது கரையில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த மூன்று வீடுகளும் அந்நியமல்ல. பிரசவ அறைக்கு வெளியே நின்று, பெண் டொக்டர் இருக்கிறாவா என்று கேட்கும் வாப்பாமாரை இன்றும் பார்க்கிறோம். இல்லை என்று சொன்னதும் அவர்கள் தயங்கி நிற்கும் நேரம் மிக நீண்டது. அந்தக் கேள்வியை அறியாமை என்று ஏசிவிடுவது எளிது. நடுச்சாமத்தில் கதவைத் தட்டிய அந்த மூவரும் மனைவிமாரில் அன்பில்லாதவர்களா? ஐடா அவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட்டுக் கப்பலேறியிருக்கலாம். கோபத்தை அடக்கி, அவர்கள் கேட்ட பெண் வைத்தியராகத் தாமே ஆவது என்று முடிவெடுத்தார். அந்தத் தீர்மானத்தைத் தேவனுடைய அழைப்பாகவே அவர் கடைசிவரை கருதினார்.

கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்த முதல் வகுப்பில் படித்து, 1899இல் பட்டம் பெற்றார். தந்தையாரின் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்று 1900இல் வேலூர் வந்தவருக்குச் சில மாதங்களிலேயே அவரும் இல்லாமற்போனார். ஒரு சிறிய அறை, கைநிறைய நோயாளர், கேட்டறிய மூத்தவர் எவருமில்லை. தனியே கடமையேற்ற முதல் இரவை நினைத்துப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும் அந்தப் பயம் விளங்கும். கத்தியை எடுக்குமுன் ஜெபிப்பது அவருடைய வழக்கம். பயம் தீர்ந்துவிட்டதா என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த அறையிலேயே இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் செய்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது.

ஒருத்தியால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அதனால் 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையைத் தொடங்கினார். அதற்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். விண்ணப்பங்களோ நூற்றைத் தாண்டின. 1922இல் முதல் 14 பேரும் தேறி வெளியேறினார்கள். மகளைத் தூரத்துக்குப் படிக்க அனுப்பிய அந்தப் பதினான்கு வீட்டாரின் துணிவையும் நாம் இங்கே சொல்லத்தான் வேண்டும். விடுதிக்கு நம்மை விட்டுவிட்டுப் போன பெற்றோரின் முகம் நமக்கு மறக்கவில்லையே.

முதுமையில் இன்னொரு சோதனை வந்தது. டிப்ளோமா போதாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று சென்னை மாகாண அரசு விதித்தது. அதற்கு வேண்டிய பணமும் ஆதரவும் பெறுவதற்கு, ஆண்களையும் சேர்க்கும் கல்லூரியாக மாற வேண்டியிருந்தது. பெண்களுக்கென்று பணம் திரட்டித் தந்த நெடுநாள் தோழி லூசி பீபடி கடுமையாக எதிர்த்தார். தாம் கட்டியதைத் தாமே மாற்றுவதும், தோழியின் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் சத்திரசிகிச்சையைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். எழுபது வயதில் மீண்டும் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பணம் திரட்டினார்.

1947இல் முதல் பத்து ஆண் மாணவர்கள் வேலூரில் சேர்ந்தபோது அம்மையார் கொடைக்கானலில் ஓய்வில் இருந்தார். 1960 மே 24இல், 89ஆம் வயதில், அங்கேயே காலமானார்.