பூசாரியை விரட்டிய பார்வோன்

திண்டுக்கல் சந்தையில் மூட்டை தூக்கும் தோழர்களுக்கு எகிப்திய மன்னன் ஒருவனின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அவன் அக்கெனாதென், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சுமார் 17 ஆண்டுகள் ஆண்டவன்.

பட்டமேறியபோது நான்காம் அமன்ஹோதப் என்பது அவன் பெயர். அந்நாளில் ஆமூன் தெய்வத்தின் கோயிலில் நிலமும் பொன்னும் குவிந்து கிடந்தன. பூசாரிகளின் கொட்டமும் பெரிது! அவனோ தன் பெயரிலிருந்தே ஆமூனை நீக்கினான். கல்வெட்டுகளில் அப்பெயரை உளியால் கொத்தி அழிக்கச் செய்தான். ஆதென் என்ற சூரிய வட்டமே தெய்வம் என்றான். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பூசாரி நின்ற இடத்தில் தானே போய் நின்றுகொண்டான்.

பாலைவன ஓரத்தில், இன்றைய அமர்னாவில், புதுத் தலைநகர் அவசர அவசரமாக எழுந்தது. அரசி நெஃபர்டிட்டியின் அழகை உலகம் பேசுகிறது, பேசட்டும். கல் சுமந்தவன் கதை என்ன? 2006இல் தொடங்கி அந்நகரத்து எளியோரின் இடுகாட்டைத் தோண்டினார்கள். முதுகெலும்பு நொறுங்கிய இளைஞர்கள்! உணவின்றி வளர்ச்சி குன்றிய சிறுவர்கள்! ஆதென் கோயிலிலோ பலிமேடைகள் நூற்றுக்கணக்கில். அவற்றில் அப்பமும் இறைச்சியும் குவிந்திருப்பதாகச் சுவரெல்லாம் சிற்பம். மூட்டை தூக்கும் தோழருக்கு அந்த முதுகு வலியை நாம் விளக்க வேண்டியதில்லை.

மன்னன் மாண்டான். சிறுவன் துத்தன்காமுன் ஆட்சியில் ஆமூன் கோயில்கள் மீண்டும் திறந்தன, பூசாரிகளும் திரும்பினர். புது நகரம் வெறிச்சோடியது. பின்வந்த அரசர்கள் செதுக்கிய மன்னர் பட்டியலில் அக்கெனாதென் பெயரே இல்லை.