கொள்ளிடத்தில் தொடங்கிய வாழ்வு: சர் ஆர்தர் காட்டன்

வீராண ஏரியின் தென்கோடியில் அமைந்த நம் லால்பேட்டை மக்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர வேண்டுவதில்லை. அணைக்கரையில் கொள்ளிடம் தடுக்கப்பட்டு, வடவாறு வழியே ஏரி நிரம்புகிறது. மதகு திறந்தால் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் உயிர்பெறுகின்றன. ஏரியை வெட்டுவித்த சோழ இளவரசர் இராசாதித்தரை நாம் மறக்கவில்லை. கல்கியும் தம் 'பொன்னியின் செல்வ'னை இக்கரையிலேயே தொடங்கி, அந்நினைவுக்கு வலிமை சேர்த்தார். ஆனால் அணைக்கரையைக் கட்டிய மனிதரின் பெயர் நம்முள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நம் வட்டத்தின் இப்பத்தாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு அந்த மறதியே காரணம்.

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பிள்ளைகள் மலிந்த குடும்பத்தில் பத்தாவது மகன். பதினைந்து வயதில் கும்பினியாரின் அடிஸ்கோம் படைப்பள்ளியில் சேர்ந்து, 1821-இல் சென்னை வந்து இறங்கினார். பாம்பன் கால்வாயை அளந்ததும் பர்மியப் போருக்குச் சென்று மீண்டதும் அவரது இளமையின் சிறு நிகழ்ச்சிகள். காவிரியோடு அவருக்கு உறவு ஏற்பட்டபோது வயது இருபத்தைந்து.

அன்றைய காவிரியின் நிலை கவலைக்குரியது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகையில், சரிவு மிகுந்த கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு கடலுக்கு ஓடிற்று. காவிரியோ ஆண்டுதோறும் மணல் மேடிட்டுத் தூர்ந்துவந்தது. தஞ்சை நிலங்கள் தரிசாகும் காலம் தொலைவில் இல்லை. கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்புவதே வழி என்பது தெளிவு. ஆனால் ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் இடுவது எங்ஙனம்? காட்டன் இதற்கு விடை தேடிச் சென்ற இடம் கல்லணை. மணலில் பெருங்கற்களை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொள்ளும் வரை மேலும் மேலும் அடுக்கிச் செல்லும் முறையை அவர் பெயரறியா நம் முன்னோரிடமிருந்து கற்றுக்கொண்டார். கற்றதைப் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆளும் இனத்தைச் சார்ந்த இளம் அதிகாரி ஒருவர் ஆளப்படுவோரின் பாட்டன்மாரை ஆசிரியராக ஏற்றது சிறிய செய்தியன்று.

1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதனால் கொள்ளிடத்தில் நீர் குறையும். குறைந்தால் சிதம்பரம் பகுதி வாடும். தஞ்சைக்கு நன்மை செய்யப்போய்த் தென்னார்க்காட்டைத் தவிக்கவிடலாகாது என்றே அதே ஆண்டில் அணைக்கரையில் கீழணை எழுந்தது. இன்று வீராணத்தை நம்பியுள்ள ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலமும், 2004 முதல் குழாய் வழியே நம் ஏரி நீரைப் பருகும் சென்னை மாநகரமும் அந்த ஏற்பாட்டுக்குக் கடன்பட்டவை. குறையும் இல்லாமல் இல்லை. காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து படுகை அரிபட, 1840-களில் மேலணையில் திருத்தங்கள் செய்ய வேண்டியதாயிற்று. மேலணையின் கொள்ளிடப் பகுதி 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்ததை நாமே கண்டோம்.

முப்பத்து மூன்று வயதில் இத்தனை புகழ் பெற்றவர், அத்துடன் உடைந்து போயிருக்கலாம். உண்மையில் உடல் உடைந்தது. வெயிலிலும் ஈரத்திலும் ஓயாது உழைத்ததன் பலனாக நோயுற்று, நீண்ட விடுப்பில் தென்கடல் கடந்து ஆஸ்திரேலியப் பக்கம் சென்றார். தாஸ்மேனியாவில் 1841-இல் எலிசபெத் லியர்மந்த் அம்மையாரை மணந்தார். அவரது வரலாற்றை எழுதுவோர் இவ்வாண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுவர். எனக்கோ அவரது வாழ்வின் திருப்பம் இங்கேதான் உள்ளதாகத் தோன்றுகிறது. அணை கட்டும் வேகத்தில் தம் உடலையே கரைத்துக்கொண்டவர், முதன்முறையாகக் கைகட்டி அமர்ந்திருக்க நேர்ந்த காலம் அது.

நாற்பதாவது வயதை ஒட்டித் திரும்பிவந்தவருக்கு விசாகப்பட்டினத்தில் இலகுவான பணிகளே தரப்பட்டன. அவற்றுள் தேவாலயம் ஒன்று கட்டியதும் அடங்கும். அருகே கோதாவரி மாவட்டம் 1832-33 பஞ்சத்தாலும் 1839 புயலாலும் சீரழிந்து கிடந்தது. நிறைந்தோடும் ஆற்றின் கரையில் மக்கள் பட்டினியால் மடிந்த கொடுமை அவரை உறங்கவிடவில்லை. அறிக்கை மேல் அறிக்கை எழுதி அரசை இணங்கவைத்து, 1847-இல் தவளேசுவரத்தில் பணியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஓராண்டு செல்வதற்குள் வெயில் தாக்கி மீண்டும் விழுந்தார். இளையவரான காட்டனாக இருந்திருந்தால் படுக்கையிலிருந்தே ஆணையிட்டிருப்பாரோ என்னவோ! இம்முறை பொறுப்பை ஆர் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுக்குப் போனார். வேலை நிற்கவில்லை. திரும்பிவந்து, 1852-இல் அணையை முடித்தார். அந்த ஆர் அவர்களே பின்னர் விசயவாடாவில் கிருட்டிணை அணையை எழுப்பினார். தமக்குப்பின் ஒருவரை ஆளாக்கிய இச்செயலை அணையினும் பெரிதாக மதிப்பேன்.

அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது எம் நோக்கமன்று. செங்குன்றத்தில் 1837-இல் கல் ஏற்றிச்செல்ல இருப்புப்பாதை இட்ட இவரே, பின்னாளில் இரயிலைவிடக் கால்வாயே மேல் என்று விடாப்பிடியாக வாதிட்டார். அவர் ஆர்வம் காட்டிய கர்னூல்-கடப்பைக் கால்வாய் பெருநட்டத்தில் முடிந்தது. 1861-இல் 'சர்' பட்டம் பெற்றவர், 1878-இல், எழுபத்தைந்து வயதில், பாராளுமன்றக் குழுவின் முன் நின்று தம் கொள்கைக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. அங்கும் அவர் தளரவில்லை.

கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உண்டு. ஆற்றில் நீராடுங்கால் சங்கற்பத்தில் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் உழவர்களும் உண்டு. அவரது கல்விச்சாலையாக இருந்த காவிரி நாட்டிலோ அத்தகைய நினைவு அருகியே காணப்படுகிறது.

முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்தார். நிலத்தை ஆழக் கிளறிப் பயிரிட்டால் விளைச்சல் பெருகுமா என்று தம் தோட்டத்தில் கோதுமை விதைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1899-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். இங்கே அது ஆடி மாதம். பதினெட்டாம் பெருக்கிற்குச் சில நாட்களே இருந்தன.